கேள்வி நேரம்: எல்லாம் இருந்த நாடு ஏன் வரிசையில் நின்றது?

சென்ற இதழில், 2022-ல் பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற இலங்கையைப் பற்றி ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, "புயலோ போரோ இல்லாமல், சில கையெழுத்துகளாலேயே கவிழ்ந்த நாடு" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. சிலர் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள், சிலர் இன்னும் விவரமாகச் சொல்லுங்கள் என்கிறார்கள். சரி, இந்த இதழ் முழுக்க அதே பேச்சாக இருக்கட்டும்.

கொரோனா வந்தது, சுற்றுலா படுத்தது, அதனால் இலங்கை விழுந்தது என்றுதான் நாங்கள் படித்தோம். இதில் அரசாங்கத்தின் கையெழுத்து எங்கே வந்தது?
– கல்லூரி மாணவி, திருச்சி

கொரோனா எல்லா நாட்டுக்கும்தானே வந்தது அம்மா. பக்கத்திலேயே மாலத்தீவு இருக்கிறது, இலங்கையைவிடப் பல மடங்கு சுற்றுலாவை நம்பிப் பிழைக்கிற நாடு. 2020-ல் அதன் பொருளாதாரம் மூன்றில் ஒரு பங்கு சுருங்கிப் போனது. ஆனாலும் அடுத்த வருஷமே எழுந்து உட்கார்ந்துவிட்டது, பெட்ரோலுக்காக யாரும் ராத்திரி பகலாக ரோட்டில் படுத்துக் கிடக்கவில்லை.

இலங்கையில் என்ன நடந்தது என்றால், 2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ச ஜனாதிபதியானார். தேர்தலில் சொன்னபடி, வந்த சில நாட்களிலேயே வரிகளை வெட்டினார்கள். வாட் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமானது. அதோடு சேர்ந்து வாங்கிவந்த 2 சதவீதத் தேச நிர்மாண வரி போயிற்று. சம்பளத்திலேயே பிடிக்கிற வருமான வரியும் நின்றது. அப்புறம் அதிகம் பேர் கவனிக்காத ஒன்று: வருஷத்துக்கு 1 கோடியே 20 லட்சம் ரூபாய்க்கு மேல் விற்பனை இருந்தால் வாட் பதிவு செய்ய வேண்டும் என்றிருந்த விதியை 30 கோடி ரூபாய் என்று மாற்றினார்கள். அதாவது விகிதத்தைக் குறைத்தது மட்டுமில்லாமல், வரி கட்டிக்கொண்டிருந்த பெரிய கூட்டத்தையே பதிவேட்டிலிருந்து வெளியே அனுப்பினார்கள். நாட்டில் ஊரடங்கு வருவதற்கு மூன்று மாதம் முன்பு நடந்தது இது. 2021-ல் நாட்டின் மொத்த உற்பத்தியில் 100 ரூபாய்க்கு 8 ரூபாய் சொச்சம்தான் அரசாங்கத்தின் வருமானம், உலகத்திலேயே மிகக் குறைந்த விகிதங்களில் ஒன்று.

வருமானம் விழுந்ததைக் கடன் கொடுப்பவர்கள் பார்த்துக்கொண்டுதானே இருப்பார்கள்? கடன் கொடுத்தால் திரும்பி வருமா என்று நாடுகளுக்கு மதிப்பெண் போடுகிற தரமதிப்பு நிறுவனங்கள் 2020-ல் வரிசையாக மதிப்பைக் குறைத்தன, வெளிச்சந்தையில் புதுக்கடன் வாங்கும் வழி அடைபட்டது. உள்ளூர்ச் செலவுக்கு மத்திய வங்கி பணத்தை அச்சிட்டுக் கொடுத்தது. பணம் பெருகினால் ரூபாயின் மதிப்பு இறங்க வேண்டும், அது இறங்காமல் டாலருக்கு 200, 203 என்று பிடித்து நிறுத்தினார்கள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். வளைகுடாவில் வீட்டு வேலை செய்கிற ஒரு பெண் மாதம் 300 டாலர் அனுப்புகிறாள் என்று வையுங்கள். வங்கி வழியாக அனுப்பினால் டாலருக்கு 203 ரூபாய். உண்டியல்காரரிடம் கொடுத்தால் 240, 250. (அங்கே உண்டியல் என்றால் நம் ஊர் ஹவாலா.) தன் பிள்ளைகளுக்குப் போகிற பணத்தில் அவள் எதைத் தேர்ந்தெடுப்பாள்? 2020-ல் 710 கோடி டாலராக இருந்த வெளிநாட்டு உழைப்பாளர்களின் பணம், 2021-ல் 550 கோடிக்கு இறங்கியது. உழைத்தவர்கள் உழைத்துக்கொண்டுதான் இருந்தார்கள், டாலர்தான் வங்கி வாசலுக்கு வரவில்லை. ரூபாயைக் காப்பாற்றப் போட்ட விதியே டாலரை விரட்டியது.

2019 முடிவில் 760 கோடி டாலர் கையிருப்பு வைத்திருந்த நாடு அது. 2022 மே மாதம், கையில் எடுத்துச் செலவழிக்கக்கூடிய தொகை 5 கோடி டாலர்கூட இல்லை என்று நிதியமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார். எரிபொருள் கப்பல் கொழும்புக்கு வெளியே கடலில் நங்கூரம் போட்டு நின்றது, இறக்கக் காசு இல்லை. தாள் வாங்க முடியாமல் மேல் மாகாணத்தில் பள்ளிப் பரீட்சையைத் தள்ளிவைத்தார்கள். இலவசக் கல்வியையும் இலவச மருத்துவத்தையும் முக்கால் நூற்றாண்டாகக் காப்பாற்றிவந்த நாட்டில், தெற்காசியாவே அண்ணாந்து பார்த்த நாட்டில் இது நடந்தது. எனக்கு இன்றைக்கும் நெஞ்சு ஆறவில்லை.

நான் பத்து வருஷமாக ரசாயன உரம் போடாமல் நெல் சாகுபடி செய்கிறேன். இலங்கையில் உரத்தைத் தடை செய்ததைத் தவறு என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். இயற்கை விவசாயத்தைக் கேவலப்படுத்தவா இது?
– விவசாயி, மன்னார்குடி

இல்லை ஐயா. உங்களுடைய பத்து வருஷத்தைத்தான் நான் சாட்சிக்கு அழைக்கிறேன். முதல் வருஷம் எத்தனை மூட்டை குறைந்தது, மண் தேற எத்தனை போகம் ஆனது, தொழுவுரத்துக்கு எத்தனை மாடு வேண்டியிருந்தது என்று உங்களுக்குத் தெரியும். அந்த நாடும் பத்து வருஷத்தில் மெல்ல மெல்ல மாறலாம் என்றுதான் தேர்தல் அறிக்கையில் எழுதியிருந்தது. ஆனால் 2021 மே மாதம் ஒரே அரசிதழ் அறிவிப்பில் ரசாயன உரம், பூச்சிமருந்து இறக்குமதி மொத்தத்தையும் நிறுத்திவிட்டார்கள். உடல்நலத்துக்காக என்று சொன்னார்கள், உரத்துக்குப் போகிற டாலரை மிச்சம் பிடிக்கிற அவசரமும் கூடவே இருந்தது.

2022 பிப்ரவரியில் ஒரு உறவினர் கல்யாணத்துக்காகக் கிளிநொச்சி போயிருந்தேன். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயல்கள், பெரும்போக அறுவடை நேரம். ஊரே களத்தில் இருக்க வேண்டிய காலம். கல்யாண வீட்டுக்காரரின் மைத்துனர் என்னை வயலுக்குக் கூட்டிப்போனார். பயிர் முழங்கால் உயரத்துக்கு மேல் எழவில்லை, இலை வெளிறிக் கிடந்தது. ஒரு கதிரைப் பறித்து உள்ளங்கையில் வைத்துக் கசக்கி ஊதினார். பாதிக்கு மேல் பறந்து போயிற்று, எல்லாம் சப்பி. (நாம் பதர் என்கிறோமே, அதுதான்.) மிஞ்சிய மணிகளை ஆள்காட்டி விரலால் ஒதுக்கி ஒதுக்கி எண்ணிக் காட்டினார். "குளத்தில தண்ணி இருக்கு, மழையும் குறை வைக்கேல்ல. பசளை ஒண்டுதான் இல்லை. எங்களிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் தம்பி" என்றார். பசளை என்றால் உரம். அந்த ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பது, அன்றைக்கு எனக்குப் பெரிய பொருளாதாரப் புத்தகம் மாதிரி இருந்தது.

கேட்காமலே சொன்னவர்களும் இருந்தார்கள். விளைச்சல் எவ்வளவு விழும் என்று வேளாண் விஞ்ஞானிகள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தார்கள். வெளிப்படையாக விமர்சித்த பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரை வேளாண் அமைச்சின் குழுக்களிலிருந்து நீக்கினார்கள். எச்சரிக்கை மணி அடிக்கிறது என்று மணியைக் கழற்றி வைத்தால் நெருப்பு நின்றுவிடுமா? நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றார்கள்தான், ஆனால் அதற்குள் விதைத்தாயிற்று, அப்போது உலகச் சந்தையில் உர விலையும் ஏறியிருந்தது. அந்தப் பெரும்போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. அரிசியில் கிட்டத்தட்டத் தன்னிறைவு கண்டிருந்த நாடு பல லட்சம் டன் அரிசியை வெளியிலிருந்து வாங்கியது, விவசாயிகளுக்கு 4,000 கோடி ரூபாய் இழப்பீடு அறிவித்தது. இன்னொன்றும் உண்டு: சீனாவிலிருந்து வந்த இயற்கை உரக் கப்பலில் கெட்ட பாக்டீரியா இருக்கிறது என்று இலங்கை ஆய்வாளர்கள் சொல்லி, சரக்கை இறக்கவிடவில்லை. பிறகு தகராறாகி, இறக்காத அந்த உரத்துக்காக 67 லட்சம் டாலர் கொடுத்தார்கள். மிச்சம் பிடிக்கக் கிளம்பிய டாலர் கடைசியில் எங்கே போயிற்று பாருங்கள்.

நீங்கள் இயற்கை விவசாயத்தை விடாதீர்கள் ஐயா. உங்கள் வயலுக்கு நீங்கள் எடுத்த முடிவு அது. 20 லட்சம் வயல்களுக்குச் சேர்த்து ஒரு மேசையில் உட்கார்ந்து ஒரே நாளில் எடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

எல்லாவற்றுக்கும் சீனக் கடன்தானே காரணம்?
– வாசகர், விருதுநகர்

அது ஒரு பங்கு. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017-ல் 99 வருஷக் குத்தகைக்கு 112 கோடி டாலருக்குக் கொடுத்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அதற்குக் கொஞ்ச தூரத்தில் மத்தளையில் 2013-ல் ஒரு சர்வதேச விமான நிலையம் கட்டி, விமானம் வராமல் கிடந்ததும் தெரியும். ஆனால் வெளிநாட்டுக் கடனில் பெரிய துண்டு, மூன்றில் ஒரு பங்குக்கு மேல், சர்வதேசச் சந்தையில் அதிக வட்டிக்கு விற்ற கடன் பத்திரங்கள். அதில் பேசித் தள்ளிப்போட எதிரே ஓர் அரசாங்கம் இல்லை, நாள் வந்தால் கட்ட வேண்டும். மருந்துக்கே டாலர் இல்லாதபோது 2022 ஜனவரி 18 அன்று அப்படி ஒரு பத்திரத்துக்கு 50 கோடி டாலர் கட்டினார்கள். கட்டாதீர்கள், கடன்காரர்களோடு உட்கார்ந்து பேசுங்கள், சர்வதேச நாணய நிதியத்திடம் போங்கள் என்று பொருளாதாரம் தெரிந்தவர்கள் பலர் கெஞ்சினார்கள். மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவிக்க வேண்டி வந்தது. சுதந்திரத்துக்குப் பின் முதல் தடவை. அந்த 50 கோடி டாலருக்கு எத்தனை மாத்திரை, எத்தனை சிலிண்டர் என்று கணக்குப் போட்டால் வயிறு எரிகிறது.

ஆளாளுக்குக் கருத்து சொன்னால் நாடு எப்படி முன்னேறும்? வியட்நாமைப் பாருங்கள், ஒரே கட்சி, சட்டென்று முடிவு, மளமளவென்று வளர்ச்சி.
– தொழில்முனைவோர், கோயம்புத்தூர்

வியட்நாமைப் பார்ப்போம், நல்ல உதாரணம்தான். ஆனால் நீங்கள் சொல்கிற காரணத்துக்கு அல்ல.

போர் முடிந்து நாடு ஒன்றான பிறகு, கட்சி மேலிருந்து போட்ட திட்டப்படி நிலமெல்லாம் கூட்டுப்பண்ணை, அரிசிக்கு ரேஷன், விலையெல்லாம் அரசாங்கம் வைத்தது. 1986-ல் விலைவாசி ஒரே வருஷத்தில் பல மடங்கு ஏறியது. மேகாங் ஆற்றுச் சமவெளி கையில் இருந்தும் அரிசிக்குக் கையேந்தினார்கள். அதுவும் அதே ஒரே கட்சிதானே ஐயா? சட்டென்று எடுத்த முடிவுகள்தானே?

மாறியது எப்படி என்பதுதான் விஷயம். நாடு ஒன்றாவதற்கு முன்பே, கூட்டுப்பண்ணை ஏற்கெனவே இருந்த வட வியட்நாமில், 1966-லேயே வின் ஃபுக் மாகாணத்தின் கட்சிச் செயலாளர் கிம் ங்கொக், கூட்டுப்பண்ணை நிலத்தைக் குடும்பங்களிடம் ஒப்பந்தத்துக்கு விட்டுப் பார்த்தார். விளைச்சல் கூடியது. தலைமை அதைக் கண்டித்து நிறுத்தியது. ஆனால் அந்த யோசனை சாகவில்லை. அங்கங்கே ஊர்க்காரர்களும் உள்ளூர் அதிகாரிகளும் மேலிடத்துக்குத் தெரிந்தும் தெரியாமலும் விதியை மீறிச் செய்து பார்த்தார்கள், 'வேலி தாண்டுதல்' என்றே அதற்கு அங்கே பெயர். சோறு இல்லாத நிலை முற்றியபோது கட்சி அந்த வேலி தாண்டியவர்களைப் பார்த்தது. 1986 டிசம்பரில் 'தோய் மோய்' என்ற சீர்திருத்தத்தை அறிவித்தது, 1988-ல் நிலத்தைக் குடும்பங்களின் பொறுப்பில் விட்டது. 1989-ல், அதாவது அடுத்த வருஷமே, 10 லட்சம் டன்னுக்கு மேல் அரிசி ஏற்றுமதி. மண்ணும் ஆறும் ஆட்களும் அவர்களே, நிலத்தைப் பற்றிய விதி ஒன்று மாறியது. பிறகு அமெரிக்காவோடு வர்த்தக ஒப்பந்தம், 2007-ல் உலக வர்த்தக அமைப்பு, செல்போன் தொழிற்சாலைகள் என்று போனது தனிக்கதை.

ஆக அங்கே வேலை செய்தது கட்சியின் வேகம் இல்லை, பதினெட்டு இருபது வருஷம் தாமதமாகவாவது தன் தப்பை ஒப்புக்கொண்டு வயல்காரனிடம் கற்றுக்கொண்டதுதான். அந்த இருபது வருஷப் பட்டினிக்கு யார் கணக்குச் சொல்வது? எதிர்த்துப் பேச ஒரு பத்திரிகையோ எதிர்க்கட்சியோ இருந்திருந்தால் சீக்கிரம் திருந்தியிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். இன்றும் அந்தக் குறை அங்கே தீரவில்லை, ஒரு வங்கியிலிருந்து ஆயிரம் கோடி டாலருக்கு மேல் சூறையாடியது பல வருஷம் கழித்துத்தான் வெளியே வந்து, 2024-ல் தீர்ப்பானது.

இலங்கைக்கு வாருங்கள். 2020 அக்டோபரில் 20-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் ஜனாதிபதியின் கையை இன்னும் பலப்படுத்தினார்கள். சட்டென்று முடிவெடுக்க வசதியாக என்றுதான் சொன்னார்கள். அடுத்த ஏழாவது மாதம் உரத் தடை. சட்டென்றுதான் எடுத்தார்கள்.

சரி, ஒழுங்காக நடந்த நாடு ஒன்றைச் சொல்லுங்கள். எப்போதும் கெட்டதையே எழுதாமல்.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, மதுரை

சொல்கிறேன் டீச்சர், எனக்கு மிகவும் பிடித்த நாடு: போட்ஸ்வானா. ஆப்பிரிக்காவின் தெற்கே, பெரும்பகுதி கலஹாரி வறண்ட நிலம், கடல் இல்லை. 1966 செப்டம்பர் 30 அன்று சுதந்திரம் வாங்கியபோது நாடு முழுவதும் 12 கிலோமீட்டர் தார் ரோடு, 22 பட்டதாரிகள். உலகத்தின் பரம ஏழை நாடுகளில் ஒன்று. அடுத்த வருஷம் ஒராபா என்ற இடத்தில் வைரம் கிடைத்தது.

வைரம் கிடைத்த நாடுகளின் கதை நமக்குத் தெரியும். காங்கோ, சியரா லியோன், அங்கோலா, எல்லா இடத்திலும் வைரம் துப்பாக்கியாகத்தான் மாறியது. இங்கே முதல் ஜனாதிபதி செரெட்சே காமா, பமங்வாட்டோ குடியின் தலைவர் வம்சம். ஒராபா அந்தக் குடியின் நிலத்தில்தான் இருக்கிறது. நினைத்திருந்தால் எங்கள் சொத்து என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நிலத்தடிக் கனிமம் எந்தக் குடிக்கும் சொந்தமில்லை, நாட்டுக்குச் சொந்தம் என்று 1967-ல் சட்டம் வந்தது. இந்த ஒரு கையெழுத்தை நான் மேலே சொன்ன கையெழுத்துகளோடு வைத்துப் பாருங்கள். அப்புறம் டி பியர்ஸ் என்ற வைர நிறுவனத்தோடு விடாமல் பேரம் பேசி, சுரங்கத்தில் 15 சதவீதமாக இருந்த அரசாங்கத்தின் பங்கை 1975-ல் பாதிக்குப் பாதியாக்கினார்கள். வந்த பணத்தைப் பள்ளி, ரோடு, மருத்துவமனை என்று திட்டம் போட்டுச் செலவழித்தார்கள், மிஞ்சியதை 1994-ல் பூலா நிதி என்று தனியாகச் சேமிக்கத் தொடங்கினார்கள். பூலா என்பது அவர்கள் நாணயத்தின் பெயர், அந்த மொழியில் அதற்கு மழை என்று பொருள். மழைக்கு ஏங்குகிற ஊரில் காசுக்கு மழை என்று பெயர் வைத்திருக்கிறார்கள், எத்தனை அழகு.

குறை இல்லாமல் இல்லை. எய்ட்ஸ் நோய் அந்த நாட்டை உலுக்கியது, வேலையில்லாத் திண்டாட்டம் அதிகம், ஏழை பணக்காரர் இடைவெளி பெரிது. இப்போது ஆய்வகத்தில் செய்கிற வைரம் மலிவாக வந்து சுரங்க வருமானத்தை அடித்துவிட்டது. வைரத்தைத் தவிர வேறு தொழிலை அவர்கள் போதிய அளவு வளர்க்கவில்லை, இதை நான் பெரிய தவறாகவே பார்க்கிறேன். அந்தக் கோபத்தில் 2024-ல் மக்கள், 58 வருஷம் ஆண்ட கட்சியைத் தோற்கடித்தார்கள். ஜனாதிபதி மசிசி, இறுதி முடிவு அறிவிக்கும் முன்பே தோல்வியை ஒப்புக்கொண்டு பொறுப்பை ஒப்படைத்தார். ஒரு கல் உடையவில்லை.

நெருக்கடி முடிந்துவிட்டது என்று டிவியில் சொல்கிறார்கள். எங்கள் தோட்டத்துக் கடையில் பால்மாவை (பால் பவுடர்) 50 கிராம் பொட்டலமாகக் கட்டி விற்கிறார்கள், முழுப் பாக்கெட் வாங்க ஆளில்லை. எங்களுக்கு எப்போது முடியும்?
– தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மகள், ஹட்டன், இலங்கை

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன் அம்மா.

டிவியில் சொல்வதும் பொய் இல்லை. 2022 செப்டம்பரில் கிட்டத்தட்ட 70 சதவீதம் இருந்த பணவீக்கம் அடுத்த வருஷம் ஜூலையில் 10-க்குக் கீழே வந்துவிட்டது. 2023 மார்ச்சில் நாணய நிதியம் சுமார் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புக்கொண்டது. மத்திய வங்கி இனி அரசாங்கத்துக்கு நினைத்தபடி பணம் அச்சிட்டுக் கொடுக்கக் கூடாது என்று அதே வருஷம் சட்டம் போட்டார்கள், நல்ல சட்டம். 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கோட்டாபய ராஜபக்சவும் அவருடைய சகோதரர்கள் மஹிந்த, பசிலும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் மக்களின் நம்பிக்கைக்குத் துரோகம் செய்தார்கள் என்று தீர்ப்புச் சொன்னது. ஒரு பொருளாதார முடிவுக்காக ஆண்டவர்களை நீதிமன்றம் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குவது எங்கேயும் அடிக்கடி நடப்பதில்லை.

ஆனால் விலை ஏறுவது நின்றது என்றால் ஏறிய விலை இறங்கியது என்று அர்த்தமில்லை. உன் அம்மாவுக்கு 2021-ல் ஒரு நாள் கூலி 1,000 ரூபாய் ஆனது. அதை 1,350 ஆக்க 2024 செப்டம்பர் ஆயிற்று. அதற்குள் விலைவாசி ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. 8 சதவீதமாக வெட்டிய வாட் வரியை 2024 ஜனவரியில் 18 ஆக்கினார்கள், 2019-ல் இருந்ததைவிடவும் அதிகம். அந்த வரியை ஒரு பொட்டலம் சோப்புக்கும் ஒரு ஜோடி செருப்புக்கும் உன் அம்மா கட்டுகிறார். 2019-ல் வரி குறைந்தபோது பெரிய லாபம் பார்த்தவர்கள் வேறு ஆட்கள். 2022-ல் நாட்டில் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் நான்கில் ஒருவர் என்று உலக வங்கி கணக்கிட்டது, முந்தைய வருஷத்தைவிட இரண்டு மடங்கு. தோட்டங்களில் அது இன்னும் மோசம்.

எப்போது முடியும் என்று கேட்டாய். கொழுந்து பறிக்கும் கூலி, வரிசையில் நின்ற அந்த வருஷத்துக்கு முன்பு வாங்கிய அளவு பால்மாவைத் திரும்ப வாங்கும்போதுதான் உங்கள் வீட்டில் முடியும். முழுப் பாக்கெட் வாங்கிய அன்று எனக்கு ஒரு கடிதம் போடு.